அப்பா கட்டிய வட்டி

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். ஆனால், நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் உடம்பில் ஒரு கோளாறு இருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. அது மறுபடி வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால், வரவும் வரலாம். ஐந்து வருடத்தில் வரலாம், பத்து வருடத்தில் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். இந்த விஷயம் உங்கள் வீட்டாருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களிடம் சொல்லலாமா, கூடாதா?

'கட்டாயம் சொல்லணும் சார், என் உடம்பாச்சே!' என்று பாதிப் பேர் சொல்வீர்கள். 'எதுக்கு சார் வம்பு? தெரியாமலே நிம்மதியா இருந்துட்டுப் போறேன்' என்று மீதிப் பேர்.

சரி, இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். கோளாறு உங்களுக்கு இல்லை, உங்கள் மகளுக்கு. வயது 24. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வரன் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவளிடம் சொல்வீர்களா?

கொஞ்சம் தடுமாறுகிறது, இல்லையா? எனக்கும் தடுமாறியது. இந்தக் கேள்வியை என் முன்னால் வைத்தது எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெண்மணி. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

* * *

1999-ல் அவருக்கு அடிக்கடி வயிற்று வலி. ஸ்கேனில் இடது பக்கச் சினைப்பையில் பெரிய கட்டி என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு அந்தச் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அப்பாவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். அப்பா வெளியே வந்தார். பெண்ணிடம், "ஒண்ணுமில்லம்மா, வெறும் நீர்க்கட்டி. எடுத்தாச்சு" என்றார். அவ்வளவுதான். பெண்ணும் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? அப்பா கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கியில் இருந்து ரிட்டயரானவர். பத்து ரூபாய் கணக்கில் இடித்தால் ராத்திரி தூங்கமாட்டார்.

2001-ல் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே நீர்க்கட்டிதான். 2003-ல் பெண் குழந்தை. ஒரு சினைப்பை இருந்தாலே குழந்தை பிறக்கும் என்பது பலருக்குத் தெரியாது, பிறக்கும். சென்னையில் வீடு, வேலை, ஸ்கூல் ஃபீஸ், மாமியாருக்கு முழங்கால் வலி என்று வாழ்க்கை ஓடியது.

2017-ல் வயிறு லேசாக உப்பசம். சாப்பிட்டது ஜீரணமாகவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை. ஸ்கேன். வலது பக்கத்தில் கட்டி. புது டாக்டர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"பழைய பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கா?"

கும்பகோணத்துக்குப் போன் போட்டார். "அப்பா, அந்த நீர்க்கட்டி ரிப்போர்ட் இருக்காப்பா?" மறுமுனையில் வெகு நேரம் பேச்சே இல்லை. பிறகு அப்பா, "நானே கொண்டு வரேன்" என்றார். அப்போது அவருக்கு வயது 76. மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பழுப்பு நிறக் கவர். எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் 18 வருடமாக இருந்த கவர்.

அந்தக் காகிதத்தில் நீர்க்கட்டி என்று எங்குமே இல்லை. 'பார்டர்லைன்' என்று இருந்தது.

* * *

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்தச் சொல்லுக்கு வருவோம்.

கட்டிகளில் இரண்டு வகை என்று நாம் படித்திருக்கிறோம். சாதுவான கட்டி, புற்றுநோய்க் கட்டி. உடம்பு நம்முடைய பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்ததில்லை. அது நடுவில் மூன்றாவதாக ஒன்றை வைத்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் சாதுவாக இல்லை. அளவுக்கு மீறிப் பெருகுகின்றன, வடிவம் மாறுகின்றன. ஆனால், புற்றுநோய் செய்கிற முக்கியமான அக்கிரமத்தை, அதாவது பக்கத்துத் திசுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைவதைச் செய்வதில்லை. வேலிக்குள்ளேயே ஆட்டம் போடுகிறது. வேலியைத் தாண்டவில்லை.

தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: இரண்டுங்கெட்டான்.

இந்த இரண்டுங்கெட்டான் கட்டியை 1929-லேயே அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டெய்லர் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். உலக மருத்துவ அமைப்புகள் இதைத் தனி வகையாக ஏற்றுக்கொள்ள 1970-கள் வரை ஆனது. பெரும்பாலும் சினைப்பைப் புற்றுநோய் வருகிற வயதைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே வருகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் நிறைய வருகிறது. அதனால்தான் டாக்டர்கள் முடிந்தவரை ஒரு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் விட்டுவைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டவர்களைவிட, விட்டுவைத்தவர்களுக்குத் திரும்ப வருகிற வாய்ப்பு கூடுதல்.

பயப்பட வேண்டாம், நல்ல செய்தியும் உண்டு. சினைப்பையைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், பத்து வருடம் கழித்தும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். திரும்ப வந்தாலும் பெரும்பாலும் அதே இரண்டுங்கெட்டானாகவே வருகிறது. மறுபடி ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். சிலருக்கு வருவது பழைய கட்டியின் மிச்சம்கூட இல்லை, மறுபக்கத்தில் புதிதாக முளைத்தது. மிகச் சிலருக்குத்தான் வேலி தாண்டிய நிஜமான புற்றுநோயாக மாறுகிறது. கீமோதெரபி இதில் பெரிதாக வேலை செய்வதில்லை. ஏனென்றால், அந்த மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் தேடிப் பிடிக்கும். இவை நிதானப் பேர்வழிகள்.

அந்த நிதானத்தில்தான் சிக்கலே இருக்கிறது. புற்றுநோய் என்றால் 'அஞ்சு வருஷம் தாண்டிட்டா கவலையில்லை' என்று ஒரு கணக்கு ஊரெங்கும் புழங்குகிறது. அது புள்ளிவிவரக்காரர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட ஒரு மைல்கல். உடம்பு அதில் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கட்டி பத்து, பதினைந்து, இருபது வருடம் கழித்தும் திரும்பி வந்திருப்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

பாகவதத்தில் பரீட்சித்து மகாராஜாவுக்கு ஏழு நாளில் பாம்பு கடித்துச் சாவு என்று சாபம். ஒரு வகையில் அவர் கொடுத்துவைத்தவர். கையில் தேதி இருந்தது. உட்கார்ந்து கதை கேட்டார், மனதைத் தயார்செய்துகொண்டார். தேதியே போடாமல், 'வரலாம், வராமலும் போகலாம்' என்று ஒரு ஓலை வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? எத்தனை நாள் கதை கேட்டிருப்பார்?

* * *

கவரைப் படித்த அன்று ராத்திரி அந்த வீட்டில் நடந்த பேச்சை அவர் எனக்கு வரிக்கு வரி சொன்னார்.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்னம்மா ஆயிருக்கும்? நீ அழுதிருப்பே. கல்யாணம் வேண்டாம்னிருப்பே. குழந்தை பெத்துக்கப் பயந்திருப்பே. பதினெட்டு வருஷம் நீ சந்தோஷமா இருந்தியா இல்லையா, அதைச் சொல்லு."

"இருந்தேன்."

"அது போதும் எனக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "அப்பவே சொல்லியிருந்தா எங்கம்மா இந்த சம்பந்தமே வேண்டாம்னிருப்பாங்க. நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல." இந்த நேர்மைக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஆனால், மனைவிக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"அப்போ என் கல்யாணமே ஒரு பொய் மேலதான் நடந்திருக்கு."

யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம்தான் அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கிறது. கல்யாணமான முதல் வருடத்திலிருந்து, ஒவ்வொரு ஜனவரியும் பொங்கலை ஒட்டி அப்பா சென்னைக்கு வருவார். புத்தகக் காட்சிக்கு வருகிறேன் என்பார். வந்தால், "வயசாச்சும்மா, ஒரு செக்கப் பண்ணிக்கணும். நீயும் வா. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பண்ணினா டிஸ்கவுன்ட்டாம்" என்று மகளையும் லேபுக்கு இழுத்துக்கொண்டு போவார். ரத்தம், வயிற்று ஸ்கேன், எல்லாம். மகள், 'ரிட்டயரானதும் அப்பாவுக்கு உடம்புப் பயம் வந்துடுச்சு' என்று அம்மாவிடம் கேலி பேசியிருக்கிறார். அம்மா சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

டிஸ்கவுன்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மகளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதற்காக, தேவையே இல்லாமல் வருடா வருடம் தன் வயிற்றையும் காட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

2009-ல் அதை நிறுத்திவிட்டார். ஆபரேஷன் ஆகிப் பத்து வருடம் முடிந்திருந்தது. பத்து வருடம் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக அவருக்கு ஞாபகம். கும்பேஸ்வரர் கோயிலில் ஒரு அர்ச்சனை. கவரை எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் வைத்தார். கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வயிற்றை யாரும் பார்க்கவில்லை.

* * *

இப்போது சொல்லுங்கள். அப்பா செய்தது சரியா, தப்பா?

அவர் பக்கத்து நியாயத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். எனக்குத் தெரிந்த இன்னொரு பெண் இருக்கிறார். அவருக்கும் இதே வகைக் கட்டி. அவரிடம் டாக்டர் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று இருக்கிறார். ரத்தத்தில் சி.ஏ.125 என்று ஒரு அளவு பார்ப்பார்கள். அது போன தடவையைவிட இரண்டு புள்ளி ஏறினால்கூட அவருக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விடும். மாதவிலக்கு சமயத்தில்கூட அது ஏறும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னாலும் மனசு கேட்காது. "ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொன்ன அன்னிக்கு மட்டும்தான் சார் நான் உயிரோட இருக்கேன். மறுநாள்லேர்ந்து அடுத்த ஸ்கேன் பயம்" என்றார். தெரிந்துகொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டாக்டர்களும் இதில் காலத்துக்கு ஏற்ப மாறியவர்கள்தான். அமெரிக்காவில் 1961-ல் டாக்டர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு. புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்வீர்களா என்று கேட்டார்கள். சுமார் 90 சதவிகிதம் பேர், சொல்லாமல் இருப்பதே மேல் என்றார்கள். 1979-ல் அதே கேள்விகளை வேறொரு மருத்துவமனையில் கேட்டபோது 97 சதவிகிதம் பேர், சொல்வதே மேல் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருடம், கழித்துப் பாருங்கள். பதினெட்டு!

நம் நாட்டில் மருத்துவர்களுக்கான 2002-ம் வருட நெறிமுறை விதிகள் கொஞ்சம் வழுவழுவென்று இருக்கின்றன. நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. சரி. ஆனால், யாரிடம் சொல்வது? நோயாளி, அவருடைய உறவினர் அல்லது பொறுப்புள்ள நண்பர் என்று ஒரு பட்டியலே கொடுக்கின்றன. 1999-ல் அந்த டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டார் என்றால், இந்த ஊர் வழக்கப்படிதான் கூப்பிட்டார்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. வழக்கு டெல்லியைச் சேர்ந்த 44 வயதுப் பெண்ணுடையது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தபோது, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நடந்தது 1995-ல். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவு தெளிந்து தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒரு பெண்ணுக்காக அவளைப் பெற்ற தாயே ஆனாலும் சம்மதம் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். இது கத்தி வைப்பது பற்றிய தீர்ப்பு, நியாயம்தான். ஆனால், எனக்கு ஒரு சந்தேகம். ஒருத்தியின் உடம்பில் அவளைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்றால், அவள் உடம்பைப் பற்றிய சேதியை மட்டும் அவளைக் கேட்காமல் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டலாமா?

* * *

அந்தப் பெண்மணி அப்பாவிடம் இதைத் தீர்ப்புகளை எல்லாம் வைத்து வாதாடவில்லை. அப்பாவின் பாஷையிலேயே கேட்டார்.

"அப்பா, பேங்க்ல என் பேர்ல ஒரு கடன் இருக்குன்னு வெச்சுக்கோங்க. எனக்குத் தெரியாது. நீங்க வருஷா வருஷம் ரகசியமா வட்டி கட்டிட்டு வரீங்க. நல்ல மனசுதான். ஒரு நாள் கடன் முடிஞ்சுதுன்னு நெனச்சு நிறுத்திடறீங்க. ஆனா முடியல. அப்போ நோட்டீஸ் யார் பேருக்கு வரும்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து வருடம் நோட்டீஸ் அனுப்பியவர்.

எனக்கு இந்தக் கேள்வியில்தான் விஷயம் பிடிபட்டது. அப்பா மகளுக்குக் கொடுத்த நிம்மதி நிஜமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது அப்பாவின் விழிப்பு என்ற ஒரே தூணில் நின்ற நிம்மதி. அவர் இருக்கிற வரைக்கும், அவர் மறக்காத வரைக்கும், அவருக்குத் தெரிந்த கணக்கு சரியாக இருக்கிற வரைக்கும்தான் நிற்கும். 2009-ல் அவர் தெரியாமல் அந்தத் தூணை எடுத்துவிட்டார். நடுவில் அவருக்கே ஏதாவது ஆகியிருந்தால்? கவரை ஏதோ பழைய காகிதம் என்று யாராவது எடைக்குப் போட்டிருந்தால்? 2017-ல் வயிறு உப்பியபோது ஒரு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தாரே, அது அறியாமை இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது அவரிடம் இல்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் முதல் வாரமே ஸ்கேனுக்குப் போயிருப்பார்.

இந்தத் தடவை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் அதே இரண்டுங்கெட்டான்தான், வேலி தாண்டவில்லை. ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். 'பார்த்தியா, சொல்லாட்டாலும் ஒண்ணும் ஆகலையே' என்று அப்பா தரப்பில் வாதாடலாம். ஹெல்மெட் போடாமல் ஊர் போய்ச் சேர்ந்தவரும் அப்படித்தான் சொல்வார்.

அதற்காக, எல்லாவற்றையும் நோயாளி தலையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது பெரிய உண்மை விளம்பல் என்றும் நான் சொல்லமாட்டேன். நான் சொன்ன அந்த இரண்டாவது பெண்ணிடம் டாக்டர் உண்மையைச் சொன்னார், ஐந்து நிமிடத்தில். 'திரும்ப வரலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. நெக்ஸ்ட்!' பிறகு அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போனது அந்தப் பெண் மட்டும்தான். வீட்டிலும், "அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன புலம்பல்?" என்றார்கள். அவர் கேட்ட சேதியைவிட அவரை அரித்தது இந்தத் தனிமைதான்.

அமெரிக்காவில் ஃபிட்ஷு முல்லன் என்று ஒரு டாக்டர். இளம் வயதில் அவருக்கே புற்றுநோய் வந்தது. 1985-ல் ஒரு மருத்துவ இதழில் தன் அனுபவத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். குணமானவர், குணமாகாதவர் என்று இரண்டே பெட்டி வைத்து மனிதர்களைப் போடாதீர்கள் என்பது அதன் சாரம். சிகிச்சை முடிந்த பிறகு ஒரு நீண்ட பருவம் வருகிறது. நோய் இல்லை. ஆனால், அது திரும்பலாம் என்ற பயம் கூடவே இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்காது, வீடும் புரிந்துகொள்ளாது. நான் சொன்ன இரண்டு பெண்களும் அந்தப் பருவத்தில் வசிப்பவர்கள். ஒருவருக்குத் தான் அங்கே வசிப்பதே தெரியாது. இன்னொருவருக்குத் தெரியும், ஆனால் பக்கத்து வீட்டில் யாரும் இல்லை.

அப்பா சொல்லவில்லை, ஆனால் பத்து வருடம் கூடவே வந்தார். அந்த டாக்டர் சொன்னார். கூட யாரும் வரவில்லை. எது தேவலை என்று என்னைக் கேட்டால், இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பேன். சொல்லவும் வேண்டும், கூட வரவும் வேண்டும். சொல்லாமல் கூட வருவது ஒரு நாள் நின்றுபோகும். சொல்லிவிட்டுக் கூட வராமல் இருப்பது கொடுமை.

'எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் சொன்னால்? சொல்லலாம். அது அவர் உரிமை. ஆனால், அந்த 'வேண்டாம்' அவர் வாயிலிருந்து வர வேண்டும். நாமே அவருக்காகச் சொல்லிவிட்டு அன்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

* * *

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள்.

அதே 2002 விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளை டாக்டர்கள் மூன்று வருடம் பாதுகாத்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆக, காகிதத்துக்கு ஆயுள் மூன்று வருடம். இந்தக் கட்டியின் ஞாபகசக்தி இருபது வருடம். நடுவில் இருக்கிற பதினேழு வருடத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட் ஏதாவது இருந்தால், அது யாருடைய உடம்பைப் பற்றியதோ அவர் கையில் கொடுங்கள். நகல் எடுத்துப் போனிலும் போட்டுவைக்கலாம். டாக்டர், 'ஒண்ணுமில்லை, சரியாயிடுச்சு' என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். கூடவே, "எத்தனை வருஷம் வரைக்கும் பார்த்துக்கணும் டாக்டர்? என்ன தெரிஞ்சா உடனே வரணும்?" என்று இரண்டு கேள்வியும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வயிறு உப்பசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் என்று தொடர்ந்து இருந்தால், ஓமத் தண்ணீரோடு நிறுத்தாமல் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

* * *

அப்பாவும் மகளும் எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் பெரிதாகச் சமாதானம் பேசிக்கொள்ளவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு கொஞ்ச நாள் போனில் 'சாப்பிட்டீங்களா', 'சாப்பிட்டேன்' மட்டும்தான்.

2018 ஜனவரி. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் செக்கப். காலையில் ஆட்டோவுக்காக வாசலில் நின்றிருந்தபோது, தெருமுனையில் அப்பா வந்துகொண்டிருந்தார். தோளில் அதே ஜோல்னாப் பை.

"என்னப்பா இது, சொல்லாம கொள்ளாம? புக் ஃபேருக்கா?"

"இல்லம்மா. உன் ஸ்கேனுக்கு வந்தேன்" என்றார்.

முதல் தடவையாகக் காரணம் சரியாக இருந்தது. மகள் ஆட்டோவில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். லேபில் ரிசப்ஷனில் இருந்த பெண், "ரெண்டு பேருக்குமா சார்?" என்று கேட்டாளாம். பழக்கதோஷத்தில் அப்பா தலையாட்டப் போக, மகள் கையைப் பிடித்து இழுத்து, "எனக்கு மட்டும்" என்றாராம்.

பிறகு மகளின் மகளுக்குப் பதினெட்டு வயதானபோது, அந்தப் பழுப்புக் கவரை அவளிடம் இவரே எடுத்துக் காட்டினார். அவள் முழுவதும் படித்துவிட்டு, "எனக்கும் வருமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"தெரியலடி. ஜனவரியில டாக்டர்கிட்டப் போவேன் இல்ல, நீயும் வா. நீயே கேளு."